மண்ணுக்கும் வில்லங்கம் பாருங்கள்: பழைய ஆலை மனையை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அங்கிருந்த குரோம் தோல் ஆலையால். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் துணிக்கடைகளும் ரயில் நிலையமும்தான் நினைவுக்கு வரும். இப்படி உருமாறிய, உருமாறிக்கொண்டிருக்கிற இடங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள், திருப்பூரில் சாயப்பட்டறைகள், கோவையிலும் அம்பத்தூரிலும் முலாம் பூசும் பட்டறைகள், எல்லா ஊரிலும் மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்குகள். ஊர் பெருத்து இவையெல்லாம் மெயின் ரோட்டு மனைகளாகிவிட்டன. கல்யாண மண்டபம், வணிக வளாகம், குடோன் கட்ட ஆட்கள் தேடி வருகிறார்கள்.

வாங்குபவர் தாய்ப்பத்திரம் வரை தோண்டிப் பார்க்கிறார். 30 வருட வில்லங்கச் சான்று எடுக்கிறார், வக்கீலிடம் கருத்துரை வாங்குகிறார். மண்ணை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அஸ்திவாரம் போட ஜேசிபி இறங்கி, ஆறடி ஆழத்தில் மஞ்சள் நீர் ஊறும்போதுதான் விஷயம் தெரிகிறது. அதற்குள் கிரயம் முடிந்து, வங்கிக் கடனுக்கு வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். இந்த வழிகாட்டி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களுக்கானது. கொடுத்துவிட்டவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

சட்டம் யாரைப் பிடிக்கும்

'கெடுத்தவன்தான் கட்ட வேண்டும்' என்பது நம் நாட்டில் நிலைபெற்ற கொள்கை. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. ஆனால் அதை நம்பி, 'கெடுத்தது பழைய முதலாளி, நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியாது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986 'இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்' என்ற சொல்லையும் பயன்படுத்துகிறது. சாவி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த நபர் நீங்கள்தான். அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உத்தரவு வந்தால் வேலையை நிறுத்தலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கலாம். பழைய முதலாளியைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்குவது வருடக்கணக்கில் இழுக்கும் தனி வழக்கு. 2024 ஏப்ரல் முதல் இந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் 10,000 ரூபாய் சேரும்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த தலங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் முடிக்க வேண்டும். மாசு உறுதியானால் இடத்தின் விவரம் பொதுவெளியில் வரும், உள்ளே நுழையக் கட்டுப்பாடு வரும். பிறகு பொறுப்பாளியை அடையாளம் கண்டு சுத்தப்படுத்தும் செலவு வசூலிக்கப்படும். கதிரியக்கக் கழிவு, சுரங்கப் பணி, கடலில் எண்ணெய்க் கசிவு, நகராட்சிக் குப்பைக் கிடங்கு ஆகியவை இந்த விதிகளுக்குள் வராது. பட்டியலில் ஏறிவிட்ட மனையை விற்பதும் அடமானம் வைப்பதும் எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விற்பவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 55(1)(அ) பிரிவின்படி, தனக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். புதைத்து வைத்த கசடு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 'அவருக்குத் தெரிந்திருந்தது' என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதனால்தான் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது முக்கியம்.

வங்கி ஏலத்தில் எடுக்கும் சொத்து இன்னும் ஆபத்தானது. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதித்தான் விற்பார்கள். அங்கே பரிசோதனை செய்ய அனுமதி கிடைக்காவிட்டால், பழைய ரசாயனத் தொழில் நடந்த இடத்தை எடுக்காமலிருப்பதே நல்லது.

முதல் வாரம்: காகித வேலை

வில்லங்கச் சான்றை வாங்கி, உரிமையாளர் பெயர்களை மட்டும் படிக்காமல் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன தொழில் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 'டேனர்ஸ்', 'கெமிக்கல்ஸ்', 'பிராசஸர்ஸ்', 'பேட்டரிஸ்', 'மெட்டல் ஃபினிஷர்ஸ்' என்று முடியும் பெயர் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு தோண்ட வேண்டும். குத்தகைப் பத்திரம் பதிவாகாமலே பட்டறை நடந்திருக்கலாம். ஆகவே வில்லங்கத்தில் இல்லை என்பதால் தொழிலே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். பாத்தி பாத்தியாக வெள்ளையாகத் தெரிவது உப்பு நீரை வெயிலில் ஆவியாக்கிய தொட்டிகள். ஒரு வருடம் குழியாக இருந்து அடுத்த வருடம் சமதளமாகியிருந்தால் எதையோ போட்டு மூடியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் புலப்பட வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் இதைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மனுவில் கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். 'இந்த இடம் மாசடைந்ததா?' என்று கேட்டால் பதில் வராது. 'கீழ்க்கண்ட சர்வே எண்களில் இயங்கிய ஆலைகளுக்கு வழங்கிய இசைவாணைகள் (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி), அபாயகரமான கழிவுக்கான அனுமதி, ஆண்டறிக்கை படிவம் 4, ஆய்வறிக்கைகள், மூடல் உத்தரவுகள், மாதிரிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகல்' என்று கேளுங்கள். சர்வே எண், ஆலையின் பழைய பெயர், புதிய பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பெயர்களில் நடந்த பட்டறைகள் உண்டு.

படிவம் 4 கையில் கிடைத்தால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஆலை ஆண்டுக்கு எவ்வளவு கசடு உற்பத்தி செய்தது, எவ்வளவு வெளியே அனுப்பியது என்று இரண்டும் அதில் இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எங்கே போனது? கழிவை ஆலைக்குள் 90 நாளுக்கு மேல் சாதாரணமாக வைத்திருக்கக் கூடாது என்பது விதி. கணக்கில் இடிக்கும் டன்கள் பெரும்பாலும் அதே மனைக்குள்தான் இருக்கும்.

இரண்டாவது: நடந்து பார்ப்பது

மழைக்குப் பிறகு ஓரிரு நாளில் போங்கள். சுவரின் அடிப்பக்கம் மஞ்சளாக அல்லது பச்சை கலந்த மஞ்சளாக உப்புப் பூத்திருந்தால் அது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கையால் தொடாதீர்கள். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன சுமார் 2.27 லட்சம் டன் கழிவுமேட்டிலிருந்து மழைதோறும் வடிவது இந்த மஞ்சள்தான்.

தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கினால் ஒரு குச்சியால் கோடு கிழியுங்கள். படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியா, பயமில்லை. கிழித்த கோடு மறுபடி ஒன்றுகூடி மூடிக்கொண்டால் பெட்ரோலிய எண்ணெய்.

தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களைப் பாருங்கள். இரண்டு அங்குலக் குழாய் ஒன்று சுவரோரமாக மேலே போய்த் திறந்திருந்தால் கீழே டேங்க் இருக்கலாம். பழைய ஜெனரேட்டர் மேடை, மின்மாற்றி நின்ற இடம், கழிவுநீர்க் கால்வாய் மதிலைத் தாண்டும் இடம், ஆசிட் கேன் அடுக்கிய மூலை, தரை சிமெண்ட் அரித்துக் கூழாங்கல் தெரியும் பகுதி என எல்லாவற்றையும் படமெடுத்து வரைபடத்தில் எண்ணிடுங்கள். பழைய மேஸ்திரி, வாட்ச்மேன், பக்கத்து டீக்கடைக்காரர் இவர்களோடு அரை மணி நேரம் பேசுங்கள். லாரி எந்தப் பக்கம் வந்து எங்கே கொட்டியது என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது.

தொழிலைப் பொறுத்து எதைத் தேட வேண்டும் என்பதும் மாறும். தோல் ஷாப் என்றால் குரோமியம், அளவுகடந்த உப்பு, பழைய காலத்துப் பூஞ்சைக்கொல்லிகள். முலாம் பட்டறையில் ஆறு இணைதிறன் குரோமியம், நிக்கல், துத்தநாகம், சயனைடு, கிரீஸ் நீக்கப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன். பேட்டரி உருக்கிய இடத்தில் காரீயம், அமிலம். பெட்ரோல் பங்கிலும் மெக்கானிக் ஷெட்டிலும் பென்சீன் வகைகள், டீசல், கழிவு எண்ணெய். பழைய மின்மாற்றி இருந்த இடத்தில் பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) என்ற நச்சு எண்ணெய். மர அறுவை ஆலையில் மரத்துக்கு மருந்தேற்றியிருந்தால் ஆர்சனிக். இந்தப் பட்டியல் இல்லாமல் 'மண் டெஸ்ட் பண்ணுங்க' என்று லேபிடம் கொடுத்தால் அமிலத்தன்மை, தழை, மணி, சாம்பல் சத்து பார்த்து வயலுக்குரிய அறிக்கையைத் தருவார்கள்.

மாதிரி எடுப்பது: தவறு நடப்பது இங்கேதான்

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 20 மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டால் ஏறத்தாழ 10 புள்ளிகள் வரும். போதும் போலத் தோன்றும். ஆனால் சதுரக் கட்டத்தில் ஒரு வட்டமான மாசுப் பகுதி சுமார் 95 சதவீத உறுதியோடு சிக்க வேண்டுமானால் அதன் விட்டம் கட்ட இடைவெளியைப் போல 1.18 மடங்காவது இருக்க வேண்டும். 20 மீட்டர் கட்டத்தில் 23.6 மீட்டருக்குக் குறைவான குழி தப்பிவிடலாம். 10 மீட்டர் கட்டம் போட்டால் 40 புள்ளிகள் ஆகும், அப்போதும் 11.8 மீட்டருக்குக் குறைந்தது நழுவலாம். முலாம் பட்டறையின் தொட்டி மூன்று மீட்டர் அகலம்கூட இருக்காது. ஆகவே கட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. நடந்து பார்த்துக் குறித்த சந்தேக இடங்கள் ஒவ்வொன்றிலும் தனியாக ஒரு புள்ளி வேண்டும், மிச்ச இடத்துக்குக் கட்டம் போடலாம். மனைக்கு வெளியே, தொழில் எதுவும் நடக்காத இடத்தில் இரண்டு மூன்று இயல்பு மாதிரிகளும் எடுங்கள். சேலம் சுண்ணாம்புக்கரடு பகுதிப் பாறையிலேயே குரோமியமும் நிக்கலும் இயற்கையாக அதிகம். அங்கே இயல்பு மாதிரி இல்லாமல் வரும் அறிக்கை எதையும் நிரூபிக்காது.

ஆழமும் முக்கியம். மேல் 15 செ.மீ., அரை மீட்டர், ஒரு மீட்டர், பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் என்று இயல்பான மண்ணோ சிதைந்த பாறையோ வரும்வரை எடுங்கள். மேலே இரண்டடி கிராவல் நிரப்பி அழகாக வைத்திருக்கும் மனையில் மேல்மண்ணை மட்டும் சோதித்தால் கிராவலின் சான்றிதழ்தான் கிடைக்கும்.

எப்படியும் கட்டடத்துக்காக மண்ணின் தாங்குதிறன் பார்க்கத் துளை போடுவீர்கள். அதே ரிக்கை அதே நாளில் பயன்படுத்தினால் செலவு பெரிதும் குறையும். ஆனால் இரண்டு நிபந்தனைகளை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீர்மட்டம் வரும்வரை தண்ணீரோ பென்டோனைட் களிமண் கரைசலோ விடாமல் உலர்வாக ஆகரில் (திருகு துளைப்பான்) துளைக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் முன்னால் கருவியைப் பாஸ்பேட் இல்லாத சோப்பால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். சுத்தமான பகுதியில் தொடங்கி அழுக்கான பகுதியில் முடியுங்கள். வீட்டுக்குப் போர் போடும் காற்றழுத்த ரிக் இதற்கு ஆகாது. அது எல்லா அடுக்கையும் கலக்கி மேலே வீசும், ஆவியாகும் ரசாயனம் அந்தக் காற்றிலேயே போய்விடும். ஜேசிபியில் குழி எடுத்தால், முட்டுக் கொடுக்காத குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. பக்கெட் அள்ளி மேலே கொண்டுவரும் மண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் போதும். மோந்து பார்த்து மாசு கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பாத்திரமும் நேரமும்: உலோகங்களுக்குச் சுத்தமான கண்ணாடி ஜாடி போதும், ஆறு மாதம் வரை தாங்கும். பாதரசத்துக்கு 28 நாள். மண்ணில் ஆறு இணைதிறன் குரோமியத்தை 30 நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். தண்ணீரில் என்றால் 24 மணி நேரம்தான், அதனால் மாதிரி எடுக்கும் நாளை லேபிடம் பேசி முடிவு செய்யுங்கள். பெட்ரோல், டிரைகுளோரோஎத்திலீன் போன்று ஆவியாகும் பொருள்களுக்கு 40 மி.லி. கண்ணாடிக் குப்பி, மெத்தனாலில் உடனே முக்கி, 4 டிகிரியில் ஐஸ் பெட்டி, 14 நாள். பாலிதீன் பையில் கட்டி, பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுபோன பெட்ரோல் மண், 'மாசு இல்லை' என்றுதான் திரும்பி வரும். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று ஒப்படைப்புச் சீட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அது இல்லாத முடிவை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடும்.

ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் லேப் செலவு மிச்சம் என்று ஆலோசனை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். நான்கு இடத்தில் காரீயம் கிலோவுக்கு 30 மி.கி., ஐந்தாவது இடத்தில் 1,000 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். கலந்தால் சராசரி 224. வணிக இடத்துக்கான கனடா நாட்டு வழிகாட்டி அளவு 260. ஆக ஆயிரம் மி.கி. காரீயம் உள்ள மனை தேர்ச்சி பெற்றுவிட்டது. கலப்பு மாதிரியை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லேப் அறிக்கையைப் படிப்பது

லேபுக்கு என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் கேட்கும் ரசாயனத்தை மண்ணில் சோதிக்க அங்கீகாரம் உண்டா என்று அவர்களின் அங்கீகார எல்லைப் பட்டியலில் பாருங்கள். குடிநீருக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிக்கொண்டு மண்ணும் பார்ப்பவர்கள் உண்டு.

அடுத்தது கண்டறியும் வரம்பு. கனடா அளவுகோல் நம் நாட்டு ஆய்வறிக்கைகளில் ஒப்பீட்டுக்கு அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதில் ஆறு இணைதிறன் குரோமியம் வணிக இடத்தில் கிலோவுக்கு 1.4 மி.கி., குடியிருப்பில் 0.4. லேபின் கருவி 2-க்குக் கீழே பார்க்காது என்றால், 'வரம்புக்குக் கீழ்' என்ற வார்த்தைக்கு எந்த மதிப்பும் இல்லை. மாதிரி கொடுக்கும் முன்பே இந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இடத்தின் பயன்பாடு மாறினால் அளவும் மாறும். அதே கனடா பட்டியலில் காரீயம் தொழிற்சாலைக்கு 600, வணிகத்துக்கு 260, குடியிருப்புக்கு 140, விவசாயத்துக்கு 70. பாதரசம் வணிகத்துக்கு 24, குடியிருப்புக்கு 6.6. கொடைக்கானலில் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலை வளாகத்துக்கு கிலோவுக்கு 20 மி.கி. என்று நிர்ணயித்தபோது, அது போதாது, இன்னும் கடுமையாக வேண்டும் என்று உள்ளூர் மக்கள் போராடியதற்குக் காரணம் புரிகிறதல்லவா? கீழே கடை, மேலே வீடு என்று கட்டப் போகிறீர்களானால் குடியிருப்பு அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் நீட்டும் அறிக்கையில் அடிக்கடி வரும் ஒரு தந்திரம்: 'டி.சி.எல்.பி. சோதனையில் வரம்புக்குள் உள்ளது.' இது கழிவை அமிலநீரில் ஊறவைத்து எவ்வளவு கரைந்து வெளியே வருகிறது என்று பார்க்கும் சோதனை. காரீயத்துக்கு லிட்டருக்கு 5 மி.கி., பாதரசத்துக்கு 0.2, காட்மியத்துக்கு 1 என்று வரம்பு. கழிவு அபாயகரமானதா, எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய இது உதவும். அந்த மண் மேல் மனிதர்கள் நடமாடலாமா என்பதற்கு இது பதில் சொல்லாது. கிலோவுக்கு 900 மி.கி. காரீயம் உள்ள மண்கூட இதில் தேறலாம், கனடா தொழிற்சாலை அளவையே தாண்டியிருந்தும். மொத்த அளவு அறிக்கையைக் கேளுங்கள். இன்னொன்று: இந்தச் சோதனையில் ஒரு பங்கு மண்ணுக்கு 20 பங்கு நீர். எனவே மொத்தக் காரீயம் கிலோவுக்கு 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் 5-ஐத் தாண்டவே முடியாது, சோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

தோல் ஷாப் மண்ணில் குளோரைடு, சல்பேட் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். உடல்நலத்தைத் தாண்டி இது அஸ்திவாரக் கம்பியைத் தின்னும் விஷயம். சல்பேட் அளவைப் பார்த்து எந்தச் சிமெண்ட் போடலாம் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இல் அட்டவணையாகவே இருக்கிறது. உங்கள் கட்டடப் பொறியாளரிடம் கொடுத்தால் போதும்.

நிலத்தடி நீர்

மனையிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்து நல்லது என்று சான்று காட்டுவார்கள். அந்தக் கிணற்றின் மேற்பகுதியைக் கேசிங் குழாய் மூடியிருக்கும், நீர் முந்நூறு அடிக்குக் கீழிருந்து வரும். மாசு இருப்பது மேல் இருபது முப்பது அடியில். அதற்கு ஆழமில்லாத கண்காணிப்புக் குழாய்கள் வேண்டும், குறைந்தது மூன்று, ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. மூன்றிலும் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால்தான் நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, மாசு பக்கத்து மனையிலிருந்து வருகிறதா, இங்கிருந்து போகிறதா என்று தெரியும். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மாதிரிக்கு முன் குழாயில் தேங்கிய நீரை மூன்று மடங்கு இறைத்துவிட வேண்டும். 100 மி.மீ. குழாயில் மீட்டருக்குச் சுமார் 7.9 லிட்டர். ஆறு மீட்டர் நீர் நின்றால் 47 லிட்டர், மூன்று மடங்கு என்றால் 140 லிட்டருக்குச் சற்று மேல். இந்த நீரை வடிகாலில் விடாமல் டிரம்மில் பிடியுங்கள். உலோகம் பார்க்கும் நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வடிக்காமல் சேர்த்தால் கலங்கலில் உள்ள மண்ணிலிருந்து உலோகம் கரைந்து, இல்லாத மாசு இருப்பதாகக் காட்டும். ஒப்பீட்டுக்குக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500: காரீயம் லிட்டருக்கு 0.01 மி.கி., மொத்தக் குரோமியம் 0.05, பாதரசம் 0.001.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கிரய ஒப்பந்தம் போடும்போது முன்பணம் சிறிதாக இருக்கட்டும். 60 நாள் ஆய்வுக் காலம் கேளுங்கள். அந்தக் காலத்தில் துளையிடவும் மாதிரி எடுக்கவும் அனுமதி, முடிவு மோசமானால் முன்பணம் முழுக்கத் திரும்ப வரும் என்ற வாசகம் இரண்டும் வேண்டும். நடந்த தொழில்கள், புதைத்த டேங்குகள், வாரியத்தின் நோட்டீஸ்கள், கழிவு கொட்டிய இடங்கள் பற்றி விற்பவர் கையெழுத்திட்ட அறிக்கை தனி இணைப்பாக இருக்கட்டும். பின்னால் மாசு தெரியவந்தால் சுத்தப்படுத்தும் செலவையும் மூன்றாம் நபர் நட்டஈட்டையும் அவர் ஏற்பார் என்ற பொறுப்புறுதியும், விலையில் ஒரு பகுதியை வேலை முடியும்வரை வங்கியில் நிறுத்தி வைப்பதும் பேச வேண்டியவை. நிறுத்தி வைக்கும் தொகைதான் உண்மையான பாதுகாப்பு. ஆலையை மூடிக் கம்பெனியையும் கலைத்துவிட்டவரின் கையெழுத்தை வைத்து எதையும் வசூலிக்க முடியாது. விற்பவர் ஆய்வுக்கே சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பரிசோதனை முடிவுதான்.

குத்தகைக்கு எடுப்பவர்களும் உள்ளே போகும் நாளில் மண், நீர் நிலவரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியே வரும் நாளில் முப்பது வருட அழுக்கும் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

மாசு இருக்கிறது, ஆனாலும் வாங்கியாயிற்று

முதல் வேலை, தோண்டுவதை நிறுத்துவது. ஒப்பந்தக்காரர் எடுத்த மண்ணை யூனிட் கணக்கில் சவுடாக விற்றுவிடுவது வழக்கம். மாசு மண்ணை அப்படி வெளியே விட்டால், ஒரு மனையின் பிரச்சினை பத்து வீட்டு அஸ்திவாரத்துக்குப் போகிறது. அந்தப் பத்துக்கும் பொறுப்பு உங்களுடையது. குழியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து மழைநீர் வடிகாலில் தள்ளுவதும் அப்படித்தான்.

எடுத்து அனுப்புவது என்று முடிவானால் அளவைக் கணக்கிடுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர், 2 மீட்டர் ஆழம் என்றால் 200 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.7 டன் என்று வைத்தால் 340 டன். வெட்டி எடுத்ததும் மண் கால் பங்கு பொங்கி 250 கன மீட்டராகும், ஆக 88 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) அளவுக்கு லாரி வேண்டும். அபாயகரமான கழிவாக வகைப்பட்டால், வாரிய அனுமதியோடு, அனுமதி பெற்ற வாகனத்தில், படிவம் 10 சரக்குச் சீட்டு ஏழு பிரதிகளோடுதான் போக வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான கிடங்குகள் கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டம் உண்டுறுமிகிடாக்குளத்திலும் இருக்கின்றன. தூரத்தைப் பொறுத்துச் செலவில் லாரி வாடகையே பெரிய பங்காகிவிடும். எனவே தோண்டும் எல்லையைத் துல்லியமாக வரையக் கூடுதல் மாதிரிகள் எடுப்பது வீண் செலவாகாது.

அங்கேயே வைத்துச் சரிசெய்யவும் வழி உண்டு. ஆறு இணைதிறன் குரோமியத்தை இரும்பு சல்பேட்டோ கால்சியம் பாலிசல்பைடோ சேர்த்து, அதிகம் கரையாத மூன்று இணைதிறனுக்கு மாற்றலாம். மருந்து மண்ணின் எல்லா மூலைக்கும் போய்ச் சேர வேண்டும், களிமண்ணில் அது சுலபமில்லை. டீசல், எண்ணெய்க் கசிவுக்கு நுண்ணுயிர் முறை நன்றாக வேலை செய்யும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் போன்ற ஆவியாகும் பொருளை மண்ணுக்குள்ளிருந்து காற்றாக உறிஞ்சி எடுக்கலாம். பெட்ரோல் டேங்கை எடுக்கும்போது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் நடைமுறைப்படி வாயு நீக்காமல் வெட்டக் கூடாது. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட எளிதில் வெடிக்கும். நல்ல மண்ணைக் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவது சுத்தப்படுத்தல் ஆகாது, யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எந்த வழியானாலும் திட்டத்தை எழுதி வாரியத்திடம் கொடுத்து, பதில் வந்த பிறகு தொடங்குங்கள். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறீர்களானால் சுற்றுச்சூழல் அனுமதிக்கு எப்படியும் விண்ணப்பிக்க வேண்டும். மண் அறிக்கையை அதனோடு சேர்த்தே வையுங்கள்.

தோண்டி முடித்ததும் குழியை உடனே மூடாதீர்கள். அடித்தளத்தில் ஐந்து, ஒவ்வொரு பக்கச் சுவரிலும் குறைந்தது ஒன்று என்று மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் மண் வரப்பு கட்டி மழைநீர் இறங்காமல் பாருங்கள். ஒரு சுவரில் அளவு தாண்டினால் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் அரை மீட்டர் வெட்டி மறுபடி எடுக்க வேண்டும். நிரப்பக் கொண்டுவரும் புது மண்ணையும் லோடு இறங்கும் முன் சோதியுங்கள், அது எந்த ஆலையிலிருந்து வருகிறதோ தெரியாது. துளைகளின் வரைபடம், லேப் அறிக்கைகள், ஒப்படைப்புச் சீட்டுகள், படிவம் 10 பிரதிகள், குழியின் புகைப்படங்கள், வாரியத்தின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்து வாங்குபவர் கேட்கப் போவது அந்தக் கோப்பைத்தான்.